கீழ் ரெவ்வில் பூஸ்ட் இல்லையா? டர்போவைக் கழற்றுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

நானுஓயாவிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இது. அவரிடம் 1994ஆம் ஆண்டு டொயோட்டா அரிஸ்டோ, 2ஜேஸட் ட்வின் டர்போ எஞ்சின். வாங்கி மூன்று மாதம். எஞ்சின் சுற்று (ரெவ்) 4000 ஆர்பிஎம்முக்கு மேலே போனால் நன்றாக இழுக்கிறதாம், ஆனால் 2000க்கும் 3500க்கும் நடுவில் வண்டியில் உயிரே இல்லை, பூஸ்ட் மீட்டர் (டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) 0.2 பார் வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது, நுவரெலியா ஏற்றத்தில் சின்னக் கார்கள்கூட முந்திப் போகின்றன. காட்டிய இடத்தில் "முதல் டர்போ போய்விட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடையில் ஒரு செட் எடுத்துப் போட்டால் சரி" என்று சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி, அந்தக் காசைக் கொஞ்சம் பையிலேயே வைத்திருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் டர்போ செத்திருக்க வாய்ப்புக் குறைவு. காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: 4000க்கு மேலே நன்றாக இழுக்கிறது. முதல் டர்போ உண்மையிலேயே போயிருந்தால் மேலேயும் நன்றாக இழுக்காது. இதைப் புரிந்துகொள்ள இந்த எஞ்சினில் இரண்டு டர்போவும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிய வேண்டும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டர்போ என்பது எஞ்சின் விடுகிற புகையால் சுற்றி, எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளுகிற கருவி. ட்வின் டர்போ, அதாவது இரட்டை டர்போ என்றால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. டொயோட்டாவின் மார்க் டூ, சேஸர் 90 மாடல் கார்களில் வந்த 1ஜேஸட் எஞ்சினில் இரண்டு டர்போவும் பக்கத்துக்குப் பக்கமாக எப்போதும் ஒன்றாகவே சுற்றும், மூன்று சிலிண்டருக்கு ஒன்று. உங்கள் 2ஜேஸட் அப்படி இல்லை, முறை வைத்து வேலை செய்கிற சிஸ்டம். கீழ் ரெவ்வில் ஆறு சிலிண்டரின் புகை முழுவதும் முதல் டர்போவுக்கே போகிறது. ஒரு சின்ன டர்போவுக்கு முழு எஞ்சினின் மூச்சும் கிடைப்பதால் அது சீக்கிரம் சுற்றி எழும்புகிறது. 3500 தாண்டும்போது எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஒரு சின்ன பைபாஸ் வால்வு திறந்து இரண்டாவது டர்போவை லேசாகச் சுற்ற விட்டுத் தயார்ப்படுத்தும். 4000க்குக் கிட்ட, இரண்டாவது டர்போவுக்குப் புகையை விடுகிற எக்ஸாஸ்ட் கன்ட்ரோல் வால்வும், அது தள்ளும் காற்றை எஞ்சினுக்கு விடுகிற இன்டேக் கன்ட்ரோல் வால்வும் திறந்து இரண்டும் சேர்ந்து தள்ளும். 1991இல் முதல் அரிஸ்டோவில் வந்தபோதே இந்த ஏற்பாடுதான், பிறகு 93இல் சுப்ராவுக்கும் இதையே போட்டார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் கன்ட்ரோல் வால்வு மூடாமல் திறந்தே கிடந்தால் என்ன ஆகும்? 2000 ஆர்பிஎம்மில் எஞ்சின் விடுகிற கொஞ்சப் புகை இரண்டு டர்பைனுக்கும் (டர்போவில் புகை சுற்றுகிற சக்கரம்) பங்காகிறது, இரண்டுமே ஒழுங்காகச் சுற்றாது. 4000க்கு வந்தால் புகை போதுமான அளவு வரும், இரண்டும் ஒன்றாக எழும்பும், வண்டி பறக்கும். நீங்கள் சொல்கிற குணம் அப்படியே இதுதான். முதல் டர்போ உடைந்திருந்தால் கீழே 0.2 பார்கூட ஒழுங்காக வராது, மேலேயும் இரண்டாவது டர்போ தள்ளுகிற காற்று செத்த டர்போ வழியாகத் திரும்பி ஓடிவிடும்.

ஆனால் வால்வைத் தொடுவதற்கு முன்னால் நம் மலையைப் பற்றி ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். கொழும்பில் எழுதப்படுகிற குறிப்புகளும் வெளிநாட்டு வீடியோக்களும் இதைச் சொல்லித் தருவதில்லை. நானுஓயா ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 0.83 பார்தான், நுவரெலியா டவுனில் 0.81 கிட்ட. உங்கள் பூஸ்ட் மீட்டர் சுற்றியுள்ள காற்றைத்தான் சைபர் என்று எடுத்துக்கொள்கிறது. ஆக மீட்டரில் 0.2 என்றால் எஞ்சினுக்குள் போவது மொத்தம் 1.03 பார். அதாவது டர்போவே இல்லாத ஒரு கார் கொழும்பில் சும்மா இழுத்துக்கொள்கிற காற்றைத்தான் உங்கள் டர்போ உழைத்து உழைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறது. வண்டியில் உயிர் இல்லை என்று நீங்கள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. நம் குளிர் காற்றினால் ஒரு 5 சதவீதம் அடர்த்தி திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான்.

இதே கணக்கு இன்னொரு இடத்தில் பலரை ஏமாற்றுகிறது. ஐடிலில், அதாவது எஞ்சின் சும்மா ஓடும்போது, அது உறிஞ்சுகிற வெக்யூமைப் பார்த்தால் கொழும்பில் 0.6 பார் காட்டுகிற நல்ல எஞ்சின் உங்கள் வீட்டு வாசலில் 0.43 கிட்டத்தான் காட்டும். அதைப் பார்த்து எங்கோ காற்று கசிகிறது, வால்வு சரியாக உட்காரவில்லை, டைமிங் பெல்ட் ஒரு பல் தாவிவிட்டது என்றெல்லாம் சொல்லி எஞ்சினைப் பிரித்த கதை எனக்குத் தெரியும். பிரித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. நான் பண்டாரவளையில் இருக்கிறேன், கீழே இருந்து வரும் வண்டிகளும் மேலே இருந்து வரும் வண்டிகளும் இரண்டும் என்னிடம் வரும், அதனால் எந்த மீட்டர் கணக்கையும் ஊர் கேட்காமல் நான் நம்புவதில்லை.

சரி, உயரம்தான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு நாள் ஹட்டன், கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கிப் போகிற வேலை இருந்தால் அங்கே அதே கியரில் அதே ரெவ்வில் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள இந்த எஞ்சின் அங்கே 2000 கிட்ட எழும்பத் தொடங்கி 3000க்குள் 0.7 பாரைத் தொட்டுவிடும். நம் பக்கம் சில நூறு ஆர்பிஎம் தாமதமாகும், ஆனால் தொடாமல் இருக்காது. பூஸ்டை அளவோடு நிறுத்துகிற வேஸ்ட்கேட் வால்வும் சுற்றியுள்ள காற்றை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறது, அதனால் உயரம் பூஸ்டைத் தாமதப்படுத்துமே தவிர 0.2இல் கட்டிப்போடாது. உங்கள் வண்டியில் கோளாறு உண்டு, மலை அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, இதுதான் என் கணிப்பு.

சோதனை ஓட்டத்துக்கு ரதல்ல குறுக்குப் பாதையைத் தயவுசெய்து தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த இறக்கம் எத்தனை உயிரை எடுத்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு விடியற்காலை, பனிமூட்டம் இல்லாத நேரம், நேரான ஒரு ஏற்றம் போதும். கியரை 2இல் போட்டு 1800இலிருந்து முழுசாக மிதியுங்கள், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து மீட்டரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் மீட்டரைப் பார்க்கக் கூடாது.

அந்த வீடியோவில் முள் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் பாதி பதில். முள் சோம்பலாக, ரெவ் ஏற ஏற மெதுவாகவே ஏறி 3500க்குப் பிறகு வேகம் பிடித்தால், எக்ஸாஸ்ட் கன்ட்ரோல் வால்வு நிரந்தரமாகத் திறந்து கிடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். முள் சுறுசுறுப்பாக எழும்பி 0.2, 0.3 வந்தவுடன் ஏதோ தட்டுப்பட்டதுபோல நின்றால் கதை வேறு. எக்ஸாஸ்ட் கன்ட்ரோல் வால்வின் டயஃப்ரமை (வால்வை அசைக்கிற ரப்பர் தகட்டை) தள்ளுவது ஒரு சின்ன டாங்கியில் சேமித்து வைக்கிற பூஸ்ட் காற்று. நடுவில் உள்ள சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடுகிற சின்ன வால்வு) ஒழுங்காக அடைக்காமல் காற்றைக் கசியவிட்டால், கொஞ்சம் பூஸ்ட் வந்தவுடனேயே அது போய் வால்வைத் திறந்துவிடும், திறந்ததும் பூஸ்ட் விழும். தன் காலைத் தானே வாரிக்கொள்கிற மாதிரி. மூன்றாவது வகை, முள் ஒழுங்காக எழும்ப முயற்சி செய்கிறது, ஆனால் பொனட்டுக்குள்ளிருந்து ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வருகிறது என்றால் அது ஹோஸ் கசிவு.

இப்போது பொனட்டைத் திறக்கலாம். முதலில் எக்ஸாஸ்ட் கன்ட்ரோல் வால்வின் ஆக்சுவேட்டர் (காற்றழுத்தத்தால் வால்வைத் திறக்கிற டப்பா) ராடைத் தேடிப் பிடியுங்கள், டோர்ச் இல்லாமல் முடியாது, ஹீட் ஷீல்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ராடில் கம்பி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான் சும்மா சொல்லவில்லை. வெலிமடைப் பக்கத்திலிருந்து ஒருவர் இதே எஞ்சின் உள்ள வண்டி கொண்டுவந்தார், அவர் வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஒரு டர்போவை மாற்றி, அதற்குப் பெரிய தொகை கொடுத்து, அதே நோயோடு வந்திருந்தார். நான் ஹீட் ஷீல்டின் இரண்டு நட்டைக் கழற்றி டோர்ச்சை அடித்தேன். ராடும் பிராக்கெட்டும் சேர்த்து, வேலி கட்டுகிற மாதிரியான இரும்புக் கம்பி மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தது. வெப்பத்தில் கருத்து, துருவேறி, ராடின் நிறத்துக்கே வந்துவிட்டது, அதனால்தான் முந்தின கண்களுக்குத் தெரியவில்லை. குறட்டால் கம்பியை வெட்டியதும் ராட் டக்கென்று உள்ளே போய் மூடியது. ஹோஸை எல்லாம் பழைய இடத்தில் மாட்டிக்கொடுத்த பிறகு 2800இல் 0.7 வந்தது.

ஏன் அப்படிக் கட்டுகிறார்கள் என்றால், இரண்டு டர்போவையும் எப்போதும் ஒன்றாக ஓடவிட்டால் 4000இல் இரண்டாவது டர்போ சேரும்போது வருகிற இடறல் இல்லாமல் போகும், ஹோஸ் தலைவலியும் குறையும். ரேஸ் டிராக்கில் ரெவ் எப்போதும் மேலேயே இருக்கும், அங்கே அது பரவாயில்லை. ஹேர்பின் வளைவுக்கு ஹேர்பின் வளைவு 2000க்கு இறங்கி ஏறுகிற நம் ரோட்டில், அதுவும் 0.8 பார் காற்றில், அது முற்றிலும் தப்பான வேலை என்பது என் உறுதியான கருத்து. பழைய சொந்தக்காரர் செய்துவிட்டு விற்றிருப்பார், வாங்கியவருக்குத் தெரியாது. உங்களுடையதிலும் அது இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள், செலவு ஒரு சதம் இல்லை.

கம்பி இல்லையென்றால் ராடில் வெள்ளைக் கரெக்ஷன் மை வைத்து ஒரு கோடு போடுங்கள். ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, கைப் பம்பால் மெதுவாகக் காற்றுக் கொடுங்கள். ராட் நகர வேண்டும், நிறுத்தினால் அப்படியே நிற்க வேண்டும், காற்றை விட்டால் முழுசாகத் திரும்ப வேண்டும். பாதியில் சிக்கினால் உள்ளே பட்டாம்பூச்சித் தகட்டின் தண்டில் கரி பிடித்திருக்கிறது. ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, நூறு தரம் ஆட்டிப் பாருங்கள், பல வண்டிகளில் அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. அதே ஹோஸைக் கழற்றியபடியே விட்டு, சோலனாய்டு பக்கத்து முனையை ஒரு போல்ட்டால் அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது வால்வு திறக்க வழியே இல்லை, முழுப் புகையும் முதல் டர்போவுக்குத்தான். கீழ் ரெவ்வில் பூஸ்ட் திரும்பி வந்துவிட்டால் கோளாறு சோலனாய்டு அல்லது அதற்குப் போகும் வயர், டர்போ அல்ல. இந்த நிலையில் 3500க்கு மேல் கொண்டுபோகவே கூடாது. ஒரே டர்போ முழு எஞ்சினின் புகையையும் வாங்கி அளவுக்கு மேல் சுற்றும், ஜப்பான் மாடலில் டர்பைன் சக்கரம் செராமிக், அது எச்சரிக்கை கொடுத்து உடைவதில்லை. உடைந்தால் உங்கள் கராஜ்காரர் சொன்னது உண்மையாகிவிடும். சோதனை முடிந்த கையோடு ஹோஸைத் திரும்ப மாட்டுங்கள்.

சோலனாய்டுகள் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். ஒரே வகையானவற்றின் ஓம்ஸை மல்டிமீட்டரில் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் விலகி இருந்தால் அதுதான் ஆள். கம்ப்யூட்டர் ஏதாவது குறித்து வைத்திருக்கிறதா என்று பார்க்க டயக்னஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு வயரால் இணைத்தால் செக் எஞ்சின் லைட் மின்னிக் காட்டும். ஆனால் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை காற்று சம்பந்தப்பட்டவை, லைட் ஒன்றும் சொல்லாமலே இருக்கும், அதனால் கோட் இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று நினைக்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கசிவு தேட வேண்டும். மேல் ரெவ்வில் பூஸ்ட் முழுசாக வருகிறதே, கசிவு இருந்தால் எப்படி வரும் என்று பலர் கேட்பார்கள். ஓட்டை ஒரே அளவுதான், அதன் வழியாகப் போகிற காற்றும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். 5000இல் எஞ்சினுக்குப் போகிற பெரிய வெள்ளத்தில் அது ஒரு துளி, 2000இல் டர்போ தள்ளுகிறதே கொஞ்சம், அதில் அது பெரிய பங்கு. அதனால் சின்னக் கசிவு கீழேதான் வலிக்கும்.

கசிவு பார்க்க டயர் கடைக் கம்ப்ரசர் போதும். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் குழாயின் வாயில் ஒரு பிவிசி மூடியைக் கிளிப் போட்டு இறுக்கி, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, பிசிவி ஹோஸ்களை (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகிறவை) அடைத்துவிட்டு 10 பிஎஸ்ஐ மட்டும் கொடுங்கள். அதற்கு மேல் போனால் எண்ணெய் சீல்கள் தாங்காமல் போகலாம். சவர்க்காரத் தண்ணீரை ஒரு ஸ்ப்ரே போத்தலில் எடுத்து ஒவ்வொரு இணைப்பாக அடியுங்கள். இன்டர்கூலரின் (டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிரவைப்பது) முன்னும் பின்னும் உள்ள ரப்பர்கள், காற்றுப் பக்கத்து பைபாஸ் வால்வு (காலை எடுக்கும்போது மிஞ்சுகிற பூஸ்டைத் திருப்பிவிடுவது, முன்பு சொன்ன எக்ஸாஸ்ட் பைபாஸ் அல்ல), திராட்டில் பாடி. இன்டர்கூலர் குழாயின் ரப்பரை வெறும் கண்ணால் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், மேல் பக்கம் பளபளவென்று இருக்கும். கையால் வளைத்தால்தான் அடிப்பக்கத்தில், எண்ணெய் ஊறிய இடத்தில், வாய் திறந்த மாதிரி ஒரு வெடிப்பு விரியும். 30 வருட ரப்பர் இது, நம் பக்கத்து ஈரமும் அதற்கு நல்லதல்ல. தோட்டத்துப் பக்கம் நிறுத்திவைக்கிற வண்டி என்றால் எலி கடித்த ஹோஸும் இருக்கும், குளிருக்கு எஞ்சின் சூட்டில் வந்து படுத்துக்கொண்டு கடித்துவைக்கும்.

இந்தக் காற்றுப் பக்கத்து பைபாஸ் வால்வில் இன்னொரு விஷயம். அதன் டயஃப்ரம் கிழிந்திருந்தால் பூஸ்ட் வந்தவுடன் அது தானாகத் திறந்து காற்றைத் திரும்ப உறிஞ்சும் பக்கமே அனுப்பிவிடும். வெளியே சத்தம்கூட வராது. ஹோஸ் முனையில் வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள், பிடித்து நிற்க வேண்டும். யாராவது சத்தத்துக்காக வெளியே ஊதுகிற வால்வு போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரிஜினலைப் போட்டுச் சோதியுங்கள்.

இன்டேக் கன்ட்ரோல் வால்வை இந்தக் காற்றுச் சோதனை காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இருக்கும். அது அல்லது அதன் பக்கத்தில் உள்ள ரீட் வால்வு (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற இதழ் வால்வு) சரியாக மூடாவிட்டால், முதல் டர்போ தள்ளுகிற காற்று இரண்டாவது டர்போ வழியாகப் பின்னோக்கி ஏர் ஃபில்டருக்கே போய்விடும். குழாயைக் கழற்றிக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கிறதா, தகடு முழுசாக உட்காருகிறதா என்று.

எக்ஸாஸ்ட் பக்கக் கசிவுக்கு நம் ஊர்க் குளிர் ஓர் உதவி. விடியற்காலையில் முதல் ஸ்டார்ட் அடித்ததும் மேனிஃபோல்ட் பக்கம் காதைக் கொடுங்கள். டிக் டிக் டிக் என்று ரெவ்வோடு சேர்ந்து ஒரு சத்தம் கேட்டு, சூடேறியதும் மறைந்தால் கேஸ்கட் அல்லது மேனிஃபோல்ட் வெடிப்பு. கருப்புக் கரிக்கோடு அந்த இடத்தைக் காட்டும். டர்பைனுக்கு முன்னால் போகிற ஒவ்வொரு மூச்சும் கீழ் ரெவ் பூஸ்டில் கழியும். வேஸ்ட்கேட் ராடையும் அப்போதே ஆட்டிப் பாருங்கள், கைக்குத் தளர்வாக ஆடக் கூடாது, ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

கட்டலிட்டிக் கன்வர்ட்டர் (எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தப்படுத்துவது) அடைப்பு என்றும் யாராவது சொல்வார்கள். அது மேல் ரெவ்வைத்தான் அதிகம் அமுக்கும், உங்கள் வண்டியில் மேலே நன்றாக இருப்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோலைப் பொறுத்தவரை 92 அடிக்கிறீர்கள் என்றால் நிறுத்தி 95க்கு மாறுங்கள். ஜப்பானின் ஹை ஆக்டேனுக்குச் செய்த எஞ்சின் இது, 92இல் எஞ்சின் தட்டுவதை உணர்கிற நொக் சென்சார் தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பூஸ்ட் சரியாக வந்தாலும் இழுவை இருக்காது. ஆனால் மீட்டரில் 0.2 என்று காட்டுவதற்கு பெற்றோல் காரணம் அல்ல.

ஹோஸ் மாற்றுவதாக இருந்தால் 4 மில்லிமீட்டர் சிலிக்கன் ஹோஸ் சில மீட்டர் வாங்கி ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் எது எங்கே என்று தெரியாமல் போகும். பொனட்டின் அடியில் வரைபட ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள், மாட்டுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். பழைய வெக்யூம் வழிகளில் யாரோ வைத்த திருகு, பந்து, அடைப்பு எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 0.2 தாண்டவில்லை என்றால்தான் டர்போ. அப்போதும் கழற்றாமலே முன் குழாயை எடுத்துவிட்டு முதல் டர்போவின் தண்டை விரலால் சுற்றிப் பாருங்கள். லேசான பக்க ஆட்டம் இருக்கும், அது எண்ணெய்க்கான இடைவெளி, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் ஆட்டம் இருந்தாலோ, சக்கரம் வெளிக்கூட்டில் உரசிய கோடு இருந்தாலோ, எதுவும் தடுக்காமல் அளவுக்கு மீறி லேசாகச் சுற்றினாலோ, கடைசியாகச் சொன்னது மறுபக்கத்து செராமிக் சக்கரமே இல்லாமல் போனதன் அடையாளம், அப்போது மாற்றத்தான் வேண்டும். பஞ்சிகாவத்தையில் கிடைக்கிற பழைய செட்டும் உங்களுடையதைப் போலவே 30 வருடம் ஓடிய செராமிக்காக இருக்கும். வாங்கினாலும் கடையிலேயே அதே விரல் சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் அந்த வீடியோவையும், ஹீட் ஷீல்டுக்குப் பின்னால் ராடின் ஒரு போட்டோவையும் எடுங்கள். ராட் மூடிய நிலையில் இருக்கிறதா, திறந்த நிலையில் இருக்கிறதா என்று அந்த போட்டோவிலேயே தெரிந்துவிடும். எடுத்ததும் எனக்குப் போடுங்கள், அடுத்து எந்த ஹோஸைக் கழற்றுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.